ஜப்பான் கால ‘வாழைமர நோட்டு’ ஏன் மதிப்பிழந்தது?

மலாயாவில் வேலை பார்த்த பூட்டனாரின் பெட்டகத்தில் கிடக்கும் ஜப்பான் கால டொலர்களை வங்கியில் மாற்றலாமா? முடியாது.

விலைகள் பொதுவாக ஏறுவதே பணவீக்கம்; பொருள் கூடாமல் காசு மட்டும் பெருகினால் அது வரும். 1942 முதல் 1945 வரை மலாயாவைப் பிடித்திருந்த ஜப்பானியர், தங்கள் செலவுக்கு வேண்டிய டொலர்களைத் தாங்களே அச்சடித்தார்கள். 10 டொலர் தாளில் வாழைமரம் இருந்தது. பெயர் அதனால் வந்தது. தொடக்கத்தில் தொடரிலக்கமும் இருந்தது. பிறகு வெறும் எழுத்துகள்தான், இது எத்தனையாவது தாள் என்று பார்த்துச் சொல்ல வழியில்லை. வெளியிலிருந்து வந்த அரிசியோ அருகிவிட்டது.

பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியற்கூழுக்குள் குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றினால் பிளாக்கள் (பனையோலைக் கிண்ணங்கள்) நிறையும், ஆனால் மா அதிகமாகாது. அதேதான் நடந்தது.

ஜப்பான் தோற்றதால்தான் நோட்டு செல்லாமற்போனது என்பது பாதி உண்மை: 1945 செப்டெம்பரில் திரும்பிய பிரித்தானியர் அதை ஏற்க மறுக்கும் முன்பே, சந்தையில் அதன் மதிப்புப் பெரும்பாலும் கரைந்துபோயிருந்தது.