பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் ஒருவரே பலமுறை உலகப் பட்டம் வெல்வது எப்படிச் சாத்தியம்?

கான்ட்ராக்ட் பிரிட்ஜ் என்பது, எதிரெதிரே அமரும் இருவர் ஜோடியாகச் சேர்ந்து, எத்தனை பிடி (ஒரு சுற்றை வெல்வது ஒரு பிடி) எடுப்போம் என்று ஏலத்தில் கேட்டு, பிறகு 13 சுற்றுகளில் அதை எடுத்துக் காட்டும் ஆட்டம். இத்தாலியின் ஜார்ஜோ பெல்லதோன்னா இதில் 16 உலக அணிப் பட்டங்களை வென்றார்; அவற்றில் 13 பெர்முடா கோப்பைகள்.

சீட்டு விழுவது அதிர்ஷ்டம்தானே என்ற ஐயம் நியாயமானதே. ஆனால், உலகப் போட்டியில் ஒரே விதமாகப் பிரித்த சீட்டுகள் இரண்டு மேசைகளில் ஆடப்படுகின்றன. ஓர் அணியின் ஒரு ஜோடி முதல் மேசையில் வடக்கு-தெற்காகவும், இன்னொரு ஜோடி மறு மேசையில் கிழக்கு-மேற்காகவும் அமர்கிறது. ஒரே வினாத்தாளை இரு மாணவருக்கும் கொடுத்து விடைகளை ஒப்பிடுவது போன்றது இது. இஸ்பேடைத் துருப்பாக்கி 10 பிடி கேட்டு எடுத்த ஜோடிக்குக் குறைந்தது 420 புள்ளி. அதே சீட்டுகளுடன் 8 மட்டும் கேட்டு 10 எடுத்தவர்களுக்கு 170தான். இந்த வேறுபாட்டைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஏலத்தில் இருவருக்கும் உள்ள புரிதலே; பெல்லதோன்னா, வால்டர் அவரெல்லியுடன் சேர்ந்து ரோமன் என்ற ஏலமுறையையே வகுத்தவர்.

அப்புரிதல் ரகசியக் குறி என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், ஒவ்வொரு ஏலக் கேள்விக்கும் தங்களுக்குள் வைத்திருக்கும் அர்த்தத்தை எதிரணியிடம் மறைப்பது விதிமீறலாகும்.