டெங்கு வார்டில் யாருக்கு நிலைமை மோசமாகும்? கேள்வி பதில்

நோயாளியின் மகன்: அப்பாவுக்கு ஐந்தாம் நாள். பிளேட்லெட் நேற்று 62,000, இன்று 38,000. காய்ச்சல் விட்டுவிட்டது. பிளேட்லெட் ஏற்றச் சொன்னால் டாக்டர் மறுக்கிறார். சரியா?

ரத்தக்கசிவு இல்லையென்றால் டாக்டர் செய்வது சரிதான். சிங்கப்பூர், மலேசிய மருத்துவமனைகளில் 20,000 அளவுக்கு இறங்கிய பெரியவர்களிடம் நடந்து 2017-இல் வெளியான ஆய்விலும், முன்கூட்டியே ஏற்றியதால் ரத்தக்கசிவு குறையவில்லை, பக்கவிளைவுகள்தான் கூடின.

உங்கள் கேள்வியில் கவனிக்கவேண்டியது "காய்ச்சல் விட்டுவிட்டது" என்பதைத்தான். மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் தணியும் வேளையில், சிலருக்கு ரத்தக் குழாய்களிலிருந்து பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதி, கசியத் தொடங்கும். 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். உறுப்புகளுக்கு ரத்த ஓட்டம் போதாமல் போகும் ஷாக் வருவது அப்போதுதான். ரவுண்ட்ஸில் பிளேட்லெட்டோடு நிறுத்தாமல் பிசிவி (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்; பிளாஸ்மா கசிந்தால் ஏறும்) எவ்வளவு, சிறுநீர் எவ்வளவு போனது என்றும் கேளுங்கள்.

செவிலியர்: பிசிவி எவ்வளவு ஏறினால் டாக்டரைக் கூப்பிட வேண்டும்?

அவரவர் அடிப்படை அளவிலிருந்து 20 சதவீதம் ஏறினால் கசிவு உறுதி. 40 இருந்தவருக்கு 48. ஆனால் அதுவரை காத்திருக்காதீர்கள். ஏறுமுகமாக இருந்தாலே சொல்லுங்கள். முதல் மாதிரியை டிரிப் போடுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். சலைன் ஏறியபின் எடுத்தால் ரத்தம் நீர்த்து, அடிப்படை அளவே பொய்யாகிவிடும்.

ரத்தசோகை உள்ள பெண்களிடம்தான் அதிகம் கோட்டை விடுகிறோம். அடிப்படை 30 என்றால் 36 வந்தாலே கசிவு. லேப் ரிப்போர்ட்டிலோ 36 'நார்மல்' என்று அச்சாகியிருக்கும், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

பிசிவி இறங்கினாலும் உடனே நிம்மதி வேண்டாம். நாடி நிதானம், பசி எடுக்கிறது, சிறுநீர் தாராளம் என்றால் தேறுகிறார். நாடி வேகம், கை கால் சில்லிப்பு என்றால் உள்ளே எங்கோ ரத்தம் போகிறது. அவருக்கு வேண்டியது ரத்தம். இன்னொரு பாட்டில் சலைன் அல்ல.

பயிற்சி மருத்துவர்: ஒரு நோயாளிக்கு ரத்த அழுத்தம் 100/80. நன்றாகப் பேசுகிறார். வார்டிலேயே வைத்துக்கொள்ளலாமா?

மேல் கீழ் அளவுகளின் வித்தியாசம் 20. இது ஷாக். மேல் அளவு கடைசிவரை தாக்குப்பிடிக்கும். முதலில் ஏறுவது கீழ் அளவு. நோயாளி தெளிவாகப் பேசிக்கொண்டே இருப்பார், அதில்தான் ஏமாறுகிறோம். பொருத்தமான கஃப் கட்டிக் கையால் ஒருமுறை அளந்து பாருங்கள். நகத்தை அழுத்தி விட்டால் நிறம் திரும்ப 2 விநாடிக்கு மேல் ஆகிறதா, பாதம் குளிர்ந்திருக்கிறதா பாருங்கள். ஐசியூவுக்குச் சொல்லிவிட்டு, நார்மல் சலைனோ ரிங்கர் லாக்டேட்டோ கிலோவுக்கு 5 முதல் 10 மி.லி. வீதம் ஒரு மணி நேரத்தில் கொடுத்து, மறுபடி பிசிவி பார்த்தபின் வேகத்தைக் குறையுங்கள்.

முதுநிலை மாணவர்: யாருக்கு மோசமாகும் என்று கணிக்க ஸ்கோரிங், கணினி மாடல் எதையாவது நம்பலாமா?

துணைக்கு மட்டும். ஒரு மருத்துவமனைத் தரவில் உருவானது இன்னொரு ஊரில் அதே துல்லியத்தைக் காட்டுவதில்லை. நோயாளிகளின் வயதும், நோயின் எத்தனையாவது நாளில் வந்துசேர்கிறார்கள் என்பதும் மாறிவிடுகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் 2009 எச்சரிக்கை அறிகுறிகள் இன்னும் கைகொடுக்கின்றன: வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறு மூக்கில் ரத்தம், அசதி அல்லது பரபரப்பு, 2 செ.மீ.க்கு மேல் கல்லீரல் வீக்கம், நெஞ்சிலோ வயிற்றிலோ நீர், பிசிவி ஏற ஏற பிளேட்லெட் சரிவது. கர்ப்பிணி, சர்க்கரை நோயாளி, உடல் பருத்தவர் என்றால் அறிகுறிக்குக் காத்திராமல் அட்மிட் செய்யுங்கள். ஸ்கேனில் பித்தப்பைச் சுவர் தடித்திருப்பதும் வலப்பக்க நெஞ்சு நீரும் கசிவைச் சீக்கிரமே காட்டிக்கொடுக்கும்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மருத்துவர்: கசிவுக் காலத்துக்கான நீர் ஒதுக்கீட்டில் வாயால் குடிப்பதும் சேருமா?

சேரும். உங்கள் இலங்கை வழிகாட்டியின்படி 50 கிலோ பெரியவருக்கு 2,100 மி.லி. பராமரிப்பு அளவு, அதோடு உடல் எடையில் 5 சதவீதமாக 2,500. ஆக கசிவுக் காலம் முழுவதற்கும் சேர்த்து 4,600 மி.லி. இளநீர், கஞ்சி எல்லாம் இந்தக் கணக்கில்தான். சிறுநீர் மணிக்குக் கிலோவுக்கு 0.5 மி.லி. போனால் போதும். இன்னும் நிறையப் போகட்டுமே என்று டிரிப்பைக் கூட்டினால், கசிந்த நீர் ரத்தத்துக்குத் திரும்பும் நாளில் மூச்சுத்திணறல் வரும்.

பப்பாளி இலைச்சாறு?

சில சிறு ஆய்வுகளில் பிளேட்லெட் சற்று முன்னதாக ஏறியிருக்கிறது. கசிவை அது நிறுத்தாது. குடித்து வாந்தி எடுத்தால் அது நோயின் வாந்தியா சாற்றின் வாந்தியா என்று எங்களுக்கும் தெரியாது.