டிராகன் என்றால் என்ன? இத்தனை நாட்டுக் கதைகளில் அது எப்படி வந்தது?

பாம்பு உடல், பல்லிக் கால்கள், சில ஊர்க் கதைகளில் சிறகும் கூட. இப்படி ஒட்டுப்போட்ட கற்பனை மிருகம்தான் டிராகன். மண்ணுக்குள் கிடைத்த பழைய எலும்புகள் இந்தக் கதைகளுக்கு நன்றாகவே தீனி போட்டன. ஆஸ்திரியாவின் கிளாகன்ஃபுர்ட் நகரில் 16-ஆம் நூற்றாண்டில் செதுக்கிய டிராகன் சிலையின் தலைக்கு மாதிரியாக இருந்தது, அந்தப் பக்கம் தோண்டியெடுத்த ஒரு மண்டையோடு. பார்த்தால் அது பனியுகத்துக் கம்பளிக் காண்டாமிருகத்தினுடையது! மேகத்தைப் பார்த்து யானை, குதிரை என்கிறோமே, அதேதான்: அரைகுறையாகத் தெரிவதை மனசு ஏற்கெனவே கேட்டுப் பழகிய உருவத்தால் நிரப்பிக்கொள்ளும். சீனாவிலும் புதைபடிவங்களை டிராகன் எலும்பு என்று பொடித்து மருந்தாக விற்றார்கள். அப்புறம், டிராகன் என்றாலே நெருப்பைக் கக்கும் வில்லன் என்று நினைக்க வேண்டாம். சீன டிராகன் மழை தரும் நல்ல சக்தி, அதற்குப் பெரும்பாலும் சிறகே கிடையாது, புத்தாண்டில் அதன் உருவத்தைக் கழிகளில் தூக்கிக்கொண்டு ஆடிக் கொண்டாடுகிறார்கள்.