விபத்துக்குப் பின் மாறிப்போன பேச்சு

கேள்வி: இரண்டு ஆண்டுகளுக்கு முன் மதுரை சுற்றுச்சாலையில் நடந்த பைக் விபத்தில் என் கணவருக்கு நெற்றியில் பலத்த அடிபட்டது. இப்போது நன்றாக நடக்கிறார், கடைக் கணக்கும் பார்க்கிறார்; பேச்சுதான் மாறிவிட்டது. அண்மையில் ஒரு காதுகுத்து விழாவில், மொய் எழுதும் இடத்தில் நின்றுகொண்டு, "தாய்மாமன் செய்தது இவ்வளவுதானா?" என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டுவிட்டார். உறவினர்கள் திமிர் என்கிறார்கள். இதற்குச் சிகிச்சை உண்டா?
– ஒரு வாசகி, திருமங்கலம்.

பதில்: திமிர் என்ற பேச்சை முதலில் ஒதுக்கிவையுங்கள். மனத்தில் தோன்றியதை அந்த இடத்தில் சொல்லலாமா, கூடாதா என்று தடுத்துப் பார்க்கும் வேலையில் நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப் பகுதிக்குப் பெரும் பங்கு உண்டு. அங்கே காயம்பட்டவருக்கு, எதிரே இருப்பவரின் முகம் சுருங்குவது கண்ணில் பட்டாலும் அதன் பொருள் எட்டாமல் போகலாம்.

சிகிச்சை உண்டு. மருத்துவ உளவியலாளரோ பேச்சு மொழி சிகிச்சையாளரோ உங்கள் கணவரின் உரையாடலை வீடியோ எடுத்து, அவருக்கே போட்டுக் காட்டி, மற்றவர் முகம் மாறிய இடத்தில் நிறுத்திப் பேசி, அதே உரையாடலை மீண்டும் நடித்துப் பழகச் செய்வார். ஆனால் அவரை மட்டும் அனுப்பிவிட்டு நீங்கள் வெளியே காத்திருக்க வேண்டாம். சிட்னி பல்கலைக்கழகத்தின் லியான் டோகர் குழுவினர், தலையில் கடுமையாகக் காயம்பட்ட 44 பேரை வைத்து நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில், தனியே பயிற்சி பெற்றவர்களைவிட, அன்றாடம் தம்முடன் பேசிப் பழகுபவரோடு சேர்ந்து பயின்றவர்களின் உரையாடலே கூடுதலாக மேம்பட்டது. எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான்.

வீட்டில் "நேற்று யார் வந்தார்கள், சொல்லுங்கள் பார்ப்போம்" என்று விடை தெரிந்த கேள்விகளால் அவரைச் சோதிக்காதீர்கள், "இந்தச் சரக்கை எடுக்கலாமா?" என்று உண்மையாகவே கருத்துக் கேளுங்கள். பலர் முன்னிலையில் திருத்தினால் கோபம்தான் வரும். விசேஷ வீட்டுக்குக் கிளம்பும்போதே எதைப் பற்றிப் பேச வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லி, பேச்சை நிறுத்த ஒரு கைச்சைகையையும் இருவரும் முடிவு செய்துகொள்ளுங்கள்.

மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் நரம்பியல் பிரிவில் முதலில் காட்டுங்கள். வலிப்பு மாத்திரை, தூக்கக் குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் சிலரது நடத்தையை மாற்றக்கூடும். யாரிடம் பயிற்சி பெறுவது என்பதையும் அங்கேயே கேளுங்கள். வீட்டிலும் கடையிலும் நடந்தவற்றை எழுதி எடுத்துச் செல்வது அவசியம், ஏனெனில் மருத்துவரின் அறையில் இருக்கும் சிறிது நேரத்துக்கு அவர் ஒழுங்காகவே பேசிவிடக்கூடும்.