கை ஓங்காத வன்முறையை நீதிபதிக்கு எப்படிக் காட்டுவது?

கேள்வி: ஒன்பது ஆண்டுகளாக என் சம்பளம் வரும் கணக்கின் அட்டையும் கடவுச்சொல்லும் கணவரிடமே இருக்கின்றன. சில்லறைச் செலவுக்கும் ரசீது காட்ட வேண்டும். எனக்குத் தெரியாமல் என் பெயரில் கடனும் வாங்கியிருக்கிறார். ஆனால் ஒருமுறைகூட அடித்ததில்லை. பாதுகாப்பு உத்தரவு கேட்டபோது, "இது வரவு செலவுத் தகராறு, இதில் வன்முறை எங்கே?" என்று நீதிபதி கேட்டார். அடுத்த வாய்தாவில் நான் என்ன சொல்வது?

பதில்: உங்கள் மனு இன்னும் தள்ளுபடியாகவில்லை. நீதிபதி ஒரு கேள்வி கேட்டிருக்கிறார், அதற்கு ஆவணங்களோடு விடை சொல்ல உங்களுக்கு வாய்ப்பு இருக்கிறது. வழக்கு எந்த நாட்டில் நடக்கிறது என்று நீங்கள் எழுதாததால் பொதுவாகப் பொருந்துவதைச் சொல்கிறேன். உரிய சட்டப் பிரிவுகளை உங்கள் வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார்.

அடி விழுந்தால்தான் வன்முறை என்ற நிலையைப் பல நாடுகளின் சட்டங்கள் கடந்துவிட்டன. இந்தியாவின் 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம், தன் 3ஆம் பிரிவில் பொருளாதார வன்முறையைத் தனி வகையாகவே விளக்குகிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும், துணையை அச்சுறுத்தித் தொடர்ந்து தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் 76ஆம் பிரிவின்படி குற்றம். ஆனால் சட்டப் புத்தகத்தில் இருப்பது விசாரணைக் கூடத்துக்கு வந்து சேரக் காலம் பிடிக்கிறது. என்றைக்கு நடந்தது, எங்கே காயம், யார் பார்த்தார்கள் என்று தனித்தனிச் சம்பவங்களாகக் கேட்டே நீதிமன்றங்கள் பழகியிருக்கின்றன. உங்களுக்கு நேர்ந்ததோ ஒரு நாளில் நடந்த சம்பவம் அன்று, ஒன்பது ஆண்டுகள் நீடித்த ஏற்பாடு.

நீதிபதிகளுக்கு இதைக் கற்பிக்கும் முயற்சிகளும் நடக்கின்றன. கனடா 2023இல் தன் நீதிபதிகள் சட்டத்தைத் திருத்தி, துணைவரிடையேயான வன்முறையும் இத்தகைய கட்டுப்பாடும் தொடர்கல்விக் கருத்தரங்குகளில் இடம்பெற வழி செய்தது. அங்கும் அந்தக் கருத்தரங்குகளை நடத்துவது நீதித்துறையே. எந்த வழக்கில் எப்படித் தீர்ப்பளிப்பது என்று அரசு நீதிபதிக்குப் பாடம் எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. ஆனால் உங்கள் நீதிபதி அப்படியொரு பயிற்சிக்குப் போய்வரும் வரை உங்கள் வழக்கு காத்திருக்காது. ஆகவே அந்த வேலையை உங்கள் பிரமாண வாக்குமூலம்தான் செய்ய வேண்டும்.

"என்னைக் கொடுமைப்படுத்தினார்", "அடிமைபோல் நடத்தினார்" என்ற சொற்கள் நிறைந்த மனுக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றால் நீதிபதிக்குப் புதிதாக எதுவும் தெரியவருவதில்லை. அதற்குப் பதிலாக, வீட்டில் என்ன விதி இருந்தது, அதை மீறியபோது என்ன நடந்தது, அந்த அச்சத்தால் நீங்கள் எதையெல்லாம் செய்யாமல் விட்டீர்கள் என்று தொடர்ச்சியாக எழுதுங்கள். சம்பளம் வரவான அன்றே முழுத்தொகையும் வேறு கணக்குக்குப் போனதாக வங்கி அறிக்கை காட்டினால், ஒரு மாத அறிக்கையோடு நிறுத்தாமல் மூன்று, நான்கு ஆண்டு அறிக்கைகளை அடுத்தடுத்து வையுங்கள். ரசீது கேட்டு அவர் அனுப்பிய குறுஞ்செய்திகளைத் தேதி வரிசையில் இணையுங்கள். உங்களிடம் உள்ள ஆதாரமே போதும். அவருடைய கைப்பேசியையோ மின்னஞ்சலையோ திறந்து பார்த்தால் அது உங்களுக்கு எதிராகத் திரும்பலாம்.

"வீட்டு நிதியைப் பொறுப்பாகப் பார்த்துக்கொண்டேன்" என்பதே பெரும்பாலும் எதிர்மனுதாரரின் வாதமாக இருக்கும். ஒருவர் கணக்கு வழக்கைப் பார்ப்பது மட்டும் வன்முறை ஆகாது என்பதை நீங்களும் தயங்காமல் ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அவருடைய செலவுக்கு அவர் எப்போதாவது ரசீது காட்டினாரா, வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு இருந்ததா என்ற கேள்விகளைக் குறுக்கு விசாரணையில் கேட்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் அவர் சொல்லும் பதிலில் வேறுபாடு தானே வெளிப்படும்.

கேட்கும் பரிகாரமும் திட்டவட்டமாக இருக்கட்டும்: அட்டையையும் சான்றிதழ்களையும் திருப்பித் தருவது, உங்கள் பெயரில் மேலும் கடன் வாங்கத் தடை, இடைக்காலப் பராமரிப்புத் தொகை. கடன் விவகாரத்தில் உத்தரவு வரும்வரை காத்திருக்க வேண்டாம். அது உங்கள் ஒப்புதலின்றி வாங்கப்பட்டது என்று வங்கிக்கு இப்போதே எழுத்துமூலம் தெரிவித்து, விண்ணப்பத்தின் நகலைக் கேளுங்கள்.

சம்பளக் கணக்கை மாற்றுவதில் மட்டும் சற்று நிதானம் தேவை. கட்டுப்பாடு கைநழுவுகிறது என்று தெரியும்போது அதுவரை அடிக்காதவரும் அடிக்கத் துணியக்கூடும். நீங்கள் இன்னும் அதே வீட்டில் இருந்தால், தங்குவதற்குப் பாதுகாப்பான இடத்தை முதலில் உறுதிசெய்துகொண்டு, அதன்பிறகு பணியிடத்தில் புதிய கணக்கு எண்ணைக் கொடுங்கள்.