கணினி கேள்வி பதில்: ரேமில் 3600 பெரிதா, சிஎல்16 பெரிதா?

கேள்வி: மகனின் வீடியோ எடிட்டிங்குக்காக ரைசன் 5 5600ஜி ப்ராசஸர் போட்டு ஒரு கணினி அசெம்பிள் செய்கிறோம். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. கோவைக் கடையில் மூன்று டிடிஆர்4 ரேம் செட் காட்டினார்கள்: 3200 சிஎல்22, 3200 சிஎல்16, 3600 சிஎல்18. 'நம்பர் கூடினால் வேகம் கூடும்' என்கிறார் கடைக்காரர். கூடவே சிஎல் நம்பரும் ஏறுகிறதே?
- வாசகி, கோத்தகிரி

பதில்: கடைக்காரர் சொன்னதில் பாதி சரி. உங்கள் ஊர்க் கணக்கிலேயே பார்க்கலாம். ஃபேக்டரிக்குப் பச்சைத் தேயிலை போகிறது. சொல்லி அனுப்பிய பிறகு முதல் மூட்டை வந்து இறங்க எவ்வளவு நேரம் என்பது ஒரு கணக்கு. வரத் தொடங்கிய பின் மணிக்கு எத்தனை மூட்டை இறங்கும் என்பது இன்னொரு கணக்கு. 3200, 3600 என்பவை இரண்டாவதைச் சொல்கின்றன. சிஎல் (காஸ் லேட்டன்சி, அதாவது காத்திருப்பு) முதலாவதைச் சொல்கிறது, ஆனால் நேரமாக அல்லாமல் ரேமின் கடிகாரத் துடிப்புகளின் எண்ணிக்கையாகச் சொல்கிறது. குழப்பம் இங்கேதான்.

3200 ரேமின் உண்மையான கடிகாரம் 1600 மெகாஹெர்ட்ஸ். ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தரவு போவதால் 3200 என்று அச்சடிக்கிறார்கள். ஒரு துடிப்பு 0.625 நானோ விநாடி (நானோ என்றால் நூறு கோடியில் ஒரு பங்கு). 16 துடிப்பு என்றால் 10 நானோ விநாடி. மனக்கணக்குக்கு: சிஎல் எண்ணை 2000-ஆல் பெருக்கி, ரேமின் வேகத்தால் வகுத்துவிடுங்கள். 3600 சிஎல்18-க்கும் அதே 10 வரும். 3200 சிஎல்22-க்கு 13.75. ஆக, அந்த முதல் செட்டை விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடலாம்.

மீதி இரண்டில் எது? ரேம் பெட்டியில் 16-18-18-38 என்பதுபோல் நான்கு எண் இருக்கும், இவற்றை டைமிங் என்பார்கள். முதல் எண்ணோடு நின்றுவிடாதீர்கள். ரேமுக்குள் தரவு வரிசை வரிசையாக இருக்கும்; வேண்டிய தரவு ஏற்கெனவே திறந்திருக்கும் வரிசையில் இருந்தால் சிஎல் மட்டும்தான் செலவு. வேறு வரிசை திறந்திருந்தால் அதை மூடி (மூன்றாம் எண்), புதியதைத் திறந்து (இரண்டாம் எண்), பிறகுதான் படிக்க வேண்டும். 3200-இல் 18+18+16, மொத்தம் 52 துடிப்பு, 32.5 நானோ விநாடி. 3600 செட் 18-22-22 என்றால் 62 துடிப்பு, சுமார் 34.4. இங்கே 'வேகமான' ரேம் சற்றுப் பின்தங்குகிறது.

ஆனால் 5600ஜி-யின் கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது, இதே ரேமைத்தான் உறிஞ்சும். அதற்கு விநாடிக்கு எவ்வளவு தரவு வருகிறது என்பது முக்கியம்: ஒரு சானலுக்கு (ரேமுக்கும் ப்ராசஸருக்கும் இடையிலான பாதை) 3200 விநாடிக்கு 25.6 ஜிபி தரும், 3600 தருவது 28.8. அதனால் விலை வித்தியாசம் சொற்பம் என்றால் 3600 சிஎல்18. பின்னால் தனி கார்டு போடுவதாக இருந்தால் 3200 சிஎல்16 போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எடிட்டிங்குக்கு 16 ஜிபி சீக்கிரம் நிரம்பும். அதிலும் கிராபிக்ஸ் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். 8 ஜிபி இரண்டு 3600-இல் வாங்குவதைவிட 16 ஜிபி இரண்டு 3200 சிஎல்16-இல் வாங்குவது மேல். 'இப்போதைக்கு ஒரு ஸ்டிக், அப்புறம் ஒன்று' என்ற யோசனை மட்டும் வேண்டாம், இரண்டு சானலில் ஒன்றுதான் வேலை செய்யும், பாதி அகலம் போய்விடும். நான்கு ஸ்லாட் மதர்போர்டில் ப்ராசஸர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் செருகச் சொல்லுங்கள். பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டில் செருகிக் கொடுத்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

கேள்வி: 3600 சிஎல்18 ரேம் வாங்கினேன். கணினி விவரம் காட்டும் சிபியு-இசட் மென்பொருள் 1333 என்று காட்டுகிறது. ஐ5-12400, எச்610 போர்டு. ஏமாந்துவிட்டேனா?
- வாசகர், கொடைக்கானல்

பதில்: ரேமில் ஏமாறவில்லை, போர்டில்தான் கொஞ்சம். 1333-ஐ இரட்டியுங்கள், 2666. பெட்டியில் போட்ட வேகம் தானாக வராது. பயாஸில் (கணினி எழும்போது வரும் அடிப்படை அமைப்பு மெனு) எக்ஸ்எம்பி-யை, அதாவது ரேமில் பதிந்திருக்கும் வேக அமைப்பை, ஆன் செய்ய வேண்டும். அதுவரை ரேம் பத்திரமான பொது வேகத்தில் ஓடும். அது 2666 சிஎல்19 என்றால் 14.25 நானோ விநாடி.

கணினி எழும்போது டெலீட் அல்லது எஃப்2 தட்டி பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி ப்ரொஃபைல் 1 தேர்ந்தெடுங்கள். எச்610 சிப்செட் ரேமை ஓவர்கிளாக் செய்ய (பொது வரம்பைத் தாண்டி ஓட்ட) விடாது, ஆகவே 3200-க்கு மேல் ஏறாது. அந்த 3200-இல் சிஎல்18 அப்படியே நின்றால் 11.25 நானோ விநாடி. டைமிங்கைக் கையால் மாற்ற மெனு இடம் கொடுத்தால் 16-18-18-38, 1.35 வோல்ட் என்று வைத்துப் பாருங்கள். கணினி எழவில்லை என்றால் பயப்பட வேண்டாம்: மின்சாரத்தைத் துண்டித்து, போர்டின் வட்ட பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி மாட்டினால் பழைய நிலைக்கு வந்துவிடும். எழுந்துவிட்டால் உடனே நம்பவும் வேண்டாம். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை பென்டிரைவில் ஏற்றி இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் 18-க்குத் திரும்புங்கள். ரேம் பிழை ஃபைல்களைச் சத்தமில்லாமல் கெடுக்கும்.

கேள்வி: ரைசன் 7600-க்கு டிடிஆர்5 6000 சிஎல்30 நல்லதா, 5600 சிஎல்46 போதுமா? 16 ஜிபி நான்கு போடலாம் என்றிருக்கிறேன். போட்டோ ஸ்டூடியோ வேலை.
- வாசகர், குன்னூர்

பதில்: முதலாவது 10 நானோ விநாடி, இரண்டாவது 16.4. இரண்டு கணக்கிலும் 6000 சிஎல்30-தான் முந்துகிறது. ஆனால் நான்கு ஸ்டிக் திட்டத்தை விடுங்கள். நான்கு போட்டால் இந்த ப்ராசஸருக்கு ஏஎம்டி உறுதி சொல்லும் வேகம் 3600 மட்டுமே. காசு கொடுத்து வாங்கிய 6000 வீண். 32 ஜிபி இரண்டாக வாங்குங்கள். பெட்டியில் எக்ஸ்போ (எக்ஸ்எம்பி போன்ற ஏஎம்டி-யின் ஏற்பாடு) என்று இருக்கட்டும். முதல் முறை ஆன் செய்ததும் சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கும், ரேமைப் பழக்கிக்கொள்கிறது. அந்நேரம் பார்த்து சுவிட்சை அணைத்துவிடாதீர்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் நாலு நாள் போடாமல் வைத்தால் 'பீப்' சத்தம்தான், திரை வருவதில்லை. ரேமைக் கழற்றி ரப்பரால் தேய்த்தால் சரியாகிறது. டைமிங் கோளாறா?
- வாசகர், கூடலூர்

பதில்: இல்லை, ஈரம். தூசியும் ஈரமும் சேர்ந்து ரேமின் பித்தளை நிறப் பற்களில் படலம் கட்டுகிறது. ரப்பர் அதை எடுக்கும், மெல்லிய தங்கப் பூச்சையும் கூடவே சுரண்டும். துகள் ஸ்லாட்டுக்குள் விழும். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை இறக்கிவிட்டு, ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சில்லாத துணியால் துடையுங்கள். காய்ந்ததும் 'கிளிக்' என்று பூட்டு விழும்வரை அழுத்துங்கள். பெட்டியைத் தரையிலும் ஓதம் ஏறிய சுவரை ஒட்டியும் வைக்காமல், மழை மாதங்களில் தினம் ஒரு மணி நேரமாவது ஓட விடுங்கள். உள்சூடே ஈரத்தை விரட்டும்.

கேள்வி: லேப்டாப்புக்கு சிஎல் பார்த்து வாங்க வேண்டுமா?
- வாசகி, ஊட்டி

பதில்: பெரும்பாலான லேப்டாப் பயாஸில் எக்ஸ்எம்பி இருக்காது. டிடிஆர்4 என்றால் 3200 சிஎல்22, 1.2 வோல்ட் ரேமே போதும். உள்ளே இருப்பது எத்தனை ஜிபியோ அதே அளவில் வாங்கிப் போடுங்கள்.