படவில்லை என்பது போதுமா?

கேள்வி: தினமும் காரில் வேலைக்குச் செல்பவன் நான். சென்ற வாரம் எனக்கு முன்னால் ஒருவர் சாலையோரமாகப் போகாமல், தடத்தின் நடுப்பகுதியில் சைக்கிள் ஓட்டிக்கொண்டு போனார். ஹாரன் அடித்தும் ஒதுங்கவில்லை. கிடைத்த இடைவெளியில் அவரை முந்திச் சென்றேன். அடுத்த சிக்னலில் பக்கத்தில் வந்து நின்று, "இடித்துத் தள்ளியிருப்பீர்களே!" என்று சத்தம் போட்டார். என் வண்டி அவர்மேல் படவே இல்லை. சாலையை அடைத்துக்கொண்டு போனவர் அவர், வரி கட்டுபவன் நான். சிவப்பு விளக்கைக்கூட மதிக்காமல் போகிறவர்களும் இவர்கள்தானே? தவறு யார்மேல்? இதற்கிடையில் 14 வயதான என் மகன், இனிப் பள்ளிக்குச் சைக்கிளில்தான் போவேன் என்கிறான். அவனுக்கு என்ன பதில் சொல்வது?

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

"படவே இல்லை" என்று நீங்கள் எழுதியிருப்பதை நான் முழுமையாக நம்புகிறேன். ஆனாலும், உங்களோடு நான் மாறுபடுவது அந்த இடத்தில்தான். காருக்குள் இருப்பவருக்குப் பட்டதா, படவில்லையா என்பதோடு கணக்கு முடிந்துவிடுகிறது. சைக்கிளில் இருப்பவருக்கு அப்படி முடிவதில்லை. தான் சற்றே தடுமாறினாலும் உயிர் பிழைக்கும் அளவுக்கு இடம் விட்டார்களா என்பதுதான் அவருடைய கேள்வி. சிக்னலில் அவர் போட்ட சத்தமும் அதைப் பற்றியதாகவே இருந்திருக்க வேண்டும்.

சைக்கிள் எப்படி நிமிர்ந்து ஓடுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் இது விளங்கும். ஓடும் சைக்கிள் நேர்கோட்டில் போவதாக நமக்குத் தோன்றினாலும், உண்மையில் அது ஒவ்வொரு கணமும் ஒரு பக்கம் சாய்ந்து, ஓட்டுபவர் அந்தப் பக்கமாகவே ஹேண்டிலை இம்மியளவு ஒடித்து நிமிர்த்த, மறுபடி இன்னொரு பக்கம் சாய்ந்து, இப்படி நெளிந்துதான் முன்னேறுகிறது. சைக்கிளை இடப்புறம் திருப்ப வேண்டுமானால் ஹேண்டிலை முதலில் சற்று வலப்புறம் ஒடித்தாக வேண்டும். அப்போதுதான் உடல் இடப்புறம் சாயும், சாய்ந்த பிறகே வண்டி இடப்புறம் திரும்பும். பழகியவர்கள் இதை அறியாமலே செய்கிறார்கள். இதன் விளைவு ஒன்றை மட்டும் காரோட்டிகள் அவசியம் அறிந்திருக்க வேண்டும்: ஓரக்கல்லுக்கு ஒரு சாண் தூரத்தில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருப்பவரால், நினைத்த மாத்திரத்தில் அந்தக் கல்லை விட்டு விலகிவிட முடியாது. விலகுவதற்கு முதலில் சக்கரம் கல்லை நோக்கிச் சிறிது போக வேண்டும். அதற்கு அங்கே இடம் இல்லை. மறுபுறத்தில் ஒரு காரும் நெருங்கிவிட்டால் அவர் இரண்டு சுவர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டவராகிறார். முன்னால் ஒரு பள்ளமோ, வடிகால் மூடியோ, உடைந்த கண்ணாடித் துண்டோ இருந்தால் அவர் அதன்மேல் ஏற வேண்டும், இல்லையேல் காரின்மேல் சாய வேண்டும். கனரக வாகனமாக இருந்தால் காற்றும் சேர்ந்துகொள்ளும். அது கடக்கத் தொடங்கும்போது வெளியே தள்ளி, கடந்து முடியும்போது உள்ளே இழுக்கும்.

சரி, அவர் ஏன் ஓரமாகப் போகவில்லை என்று கேட்கிறீர்கள். இதற்கு ஒரு சிறிய கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாலையில் ஒரு தடத்தின் அகலம் பொதுவாக 3 முதல் 3.5 மீட்டர் வரை இருக்கும். குப்பையும் சரளையும் ஒதுங்கிக் கிடக்கும் விளிம்பைத் தவிர்க்க, சைக்கிளின் சக்கரம் விளிம்பிலிருந்து முக்கால் மீட்டராவது தள்ளிப் போக வேண்டும். ஹேண்டில்பாரின் பாதி அகலம் 30 சென்டிமீட்டர் என்று வைத்தால், சைக்கிள் பிடித்திருக்கும் இடம் ஒரு மீட்டரைத் தாண்டிவிடுகிறது. பக்கவாட்டில் விட வேண்டிய இடைவெளி ஒன்றரை மீட்டர். பக்கக் கண்ணாடிகளையும் சேர்த்தால் ஒரு காரின் அகலம் ஏறத்தாழ 2 மீட்டர். மொத்தம் நாலரை மீட்டர் ஆகிறது. ஆகவே, அவர் எவ்வளவுதான் ஓரமாகப் போனாலும், அதே தடத்துக்குள் இருந்துகொண்டு முறையான இடைவெளி விட்டு அவரை முந்த உங்களால் இயலாது. எப்படியும் அடுத்த தடத்துக்குள் ஒரு மீட்டராவது போயாக வேண்டும். அடுத்த தடம் காலியாக இருந்தால் அவர் நடுவில் போனால் என்ன, ஓரத்தில் போனால் என்ன? அது காலியாக இல்லாவிட்டால் இரண்டு நிலையிலும் நீங்கள் காத்திருக்க வேண்டியவர்தான். அவர் ஓரத்தில் ஒண்டிக்கொண்டு போனால் மாறுவது ஒன்றே ஒன்று: நுழைந்துவிடலாம் என்ற ஆசை பின்னால் வருபவருக்கு உண்டாகிறது. அந்த ஆசைக்கு இடம் கொடுக்காமலிருக்கத்தான் அனுபவமுள்ள சைக்கிளோட்டிகள் குறுகலான இடங்களிலும் சந்திப்புகளை நெருங்கும்போதும் தடத்தின் நடுவுக்கு வருகிறார்கள். உங்களைச் சீண்டுவதற்காக அவர் அப்படிச் செய்தார் என்று எண்ண வேண்டாம். நடுவில் இருந்தால்தான் நீங்கள் அவரைத் தெளிவாகப் பார்ப்பீர்கள் என்பதும் அவருக்குத் தெரியும்.

நான் சொன்ன ஒன்றரை மீட்டர் என் சொந்த அளவு அன்று. ஜெர்மனியில் 2020 முதல் ஊருக்குள் ஒன்றரை மீட்டரும் ஊருக்கு வெளியே 2 மீட்டரும் விட வேண்டும் என்பது சட்டம். பிரான்சில் ஊருக்குள் ஒரு மீட்டர், வெளியே ஒன்றரை மீட்டர். பிரிட்டனின் சாலை விதித் தொகுப்பு 2022-இல் திருத்தப்பட்டபோது, மணிக்கு 30 மைல் வேகம் வரை ஒன்றரை மீட்டராவது விட வேண்டும், அதற்கு மேல் போனால் இன்னும் கூடுதலாக விட வேண்டும் என்று சேர்த்தார்கள். தேவையான இடங்களில் தடத்தின் நடுவில் ஓட்டலாம் என்று சைக்கிளோட்டிகளுக்கும் அதே தொகுப்பு சொல்கிறது. 1968-ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கை எண்ணைக் குறிப்பிடவில்லை, ஆனால் முந்துபவர் போதிய பக்கவாட்டு இடைவெளி விட வேண்டும் என்கிறது. அந்த உடன்படிக்கையில் சைக்கிளும் ஒரு வாகனம்தான். சாலையில் செல்லும் உரிமை அதற்கு யாரோ இரங்கிக் கொடுத்தது அன்று.

காத்திருப்பதால் நாம் இழப்பது என்ன என்பதையும் பார்த்துவிடுங்கள். மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் சைக்கிளின் பின்னால் 200 மீட்டர் தூரம் சென்றால் 40 விநாடி ஆகும். மணிக்கு 50 கிலோமீட்டரில் அதே தூரத்தை 15 விநாடிக்குள் கடந்திருப்பீர்கள். இழப்பு 25 விநாடி. நீங்கள் எழுதியபடியே, முந்திச் சென்ற உங்களை அவர் அடுத்த சிக்னலில் வந்து பிடித்துவிட்டார். அதாவது அன்று அந்த 25 விநாடிகூட உங்களுக்கு மிச்சமாகவில்லை. ஹாரனைப் பொறுத்தவரை, ஆபத்தை அறிவிப்பதற்காக இருப்பது அது. ஒதுங்கச் சொல்லிப் பின்னாலிருந்து அடித்தால், திடுக்கிட்டுத் திரும்பும் தலையோடு ஹேண்டிலும் திரும்பக்கூடும்.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. விழிப்போடு ஓட்டுபவருக்கும் ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஏறத்தாழ ஒரு விநாடி பிடிக்கிறது. மணிக்கு 30 கிலோமீட்டரில் செல்லும் கார், உலர்ந்த சாலையில், அந்த ஒரு விநாடியையும் சேர்த்து 13 மீட்டருக்குள் நின்றுவிடும். மணிக்கு 50 கிலோமீட்டரில் செல்லும் கார் அந்த ஒரு விநாடியிலேயே 14 மீட்டர் போய்விடுகிறது. முதல் கார் முழுதாக நின்றுவிட்ட இடத்தை இரண்டாவது கார் வேகம் சற்றும் குறையாமல் கடக்கிறது. கீழே விழுந்த ஒருவர் அந்த இடத்தில் இருக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள்.

வரியைப் பற்றி நீங்கள் சொன்னதை நான் ஏற்க மாட்டேன். நடந்து போகிறவரும் சாலையைப் பயன்படுத்துகிறார். வண்டிக்கு வரி கட்டவில்லை என்பதற்காக அவரை யாரும் இடிக்கலாம் என்று நீங்களே சொல்ல மாட்டீர்கள். சிவப்பு விளக்கைப் பற்றிச் சொன்னது நியாயமான குறை. சிவப்பில் நிற்காமல் போவது, போக்குவரத்துக்கு எதிர்த்திசையில் வருவது, இருட்டில் விளக்கில்லாமல் ஓட்டுவது, காதில் பாட்டை அடைத்துக்கொண்டு ஓட்டுவது ஆகிய எல்லாமே தவறு. சைக்கிள் இலேசானது என்பதால் இவை சிறு தவறாகிவிடுவதில்லை; பாதசாரிகளில் முதியவர்களுக்குச் சைக்கிள் மோதினாலும் எலும்பு முறிகிறது. ஆனால் ஒருவர் சிக்னலைத் தாண்டியதற்காக, வேறொருவருக்கு விட வேண்டிய ஒன்றரை மீட்டர் குறைந்துவிடாது. அன்று உங்கள் முன்னால் போனவர் எந்த விதியையும் மீறியதாக உங்கள் கடிதத்தில் இல்லை. எனவே, தவறு யார்மேல் என்ற கேள்விக்கு, உங்கள்மேல்தான் என்று வருத்தத்தோடு சொல்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. இந்தச் சண்டை பெரும்பாலும் சாலையை அமைத்த விதத்தில் பிறக்கிறது. நெதர்லாந்தைச் சைக்கிள்களின் நாடு என்று இன்று எல்லோரும் சொல்கிறார்கள். அங்கேயும் 1971-இல் சாலை விபத்துகளில் சுமார் 3,300 பேர் இறந்தார்கள். அவர்களில் 400-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடிய பிறகுதான் சைக்கிளுக்குத் தனிப் பாதைகளும், குடியிருப்புத் தெருக்களில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்புகளும் அங்கே படிப்படியாக வந்தன. வெள்ளைக் கோடு ஒன்றைத் தீட்டிவிட்டு அதைச் சைக்கிள் பாதை என்று சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கோடு எந்த வண்டியையும் தடுப்பதில்லை. உங்கள் மகனின் பள்ளிக்குப் போகும் வழியில் இத்தகைய பாதை இல்லையென்றால், மற்றப் பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு உள்ளாட்சி நிர்வாகத்திடம் கேளுங்கள். காரோட்டியாகிய நீங்கள் கேட்டால் அதற்கு மதிப்பு கூடுதலாகவே இருக்கும்.

இனி உங்கள் மகன். போகட்டும் என்றே சொல்வேன், ஆனால் பழக்கிய பிறகு. அவன் போகப்போகிற வழியில் முதலில் நீங்கள் சைக்கிளில் போய் வாருங்கள். எந்தத் திருப்பத்தில் சாலை குறுகுகிறது, எங்கே வண்டிகள் வரிசையாக நிறுத்தப்பட்டிருக்கின்றன என்பதெல்லாம் கார் கண்ணாடி வழியே தெரிவதைவிட அப்போது நன்றாகத் தெரியும். நிறுத்தியிருக்கும் கார்களை ஒட்டி ஓட்டக் கூடாது, ஒரு கதவு முழுதாகத் திறந்தாலும் படாத தூரத்தில் போக வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். நீங்களும் காரிலிருந்து இறங்கும்போது கதவுக்கு அருகில் உள்ள கையால் திறக்காமல், மறு கையை நீட்டித் திறந்து பழகுங்கள். அப்படிச் செய்தால் உடல் தானாகவே திரும்பி, பின்னால் வருபவர் கண்ணில் பட்டுவிடுவார்.

அவனுக்கு மிகக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது லாரியையும் பஸ்ஸையும் பற்றித்தான். சிக்னலில் நிற்கும் லாரிக்கும் சாலையோரத்துக்கும் நடுவே எவ்வளவு இடம் இருந்தாலும் அதற்குள் நுழைந்து முன்னால் போகவே கூடாது. உயரத்தில் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநருக்கு அந்த இடம் தெரியாது. அதோடு, நீளமான வண்டி ஓரப் பக்கம் திரும்பும்போது அதன் பின் சக்கரங்கள் முன் சக்கரங்கள் போன தடத்தில் வருவதில்லை. உட்புறமாக வெட்டிக்கொண்டு, ஓரத்தை உரசியபடி வரும். நேராகப் போகும் வண்டி என்று நம்பிப் பக்கத்தில் நின்ற பிள்ளைகள் இப்படித்தான் அடிபடுகிறார்கள். லாரியின் பின்னால், ஓட்டுநரின் பக்கக் கண்ணாடியில் அவர் முகம் தனக்குத் தெரிகிற இடத்தில் நிற்கட்டும். அவன் கண்ணுக்கு அவர் முகம் தெரியவில்லை என்றால் அவருக்கும் அவன் தெரியவில்லை.

வண்டிகள் வராத ஒரு திடலில் அவனை ஓட்டச் சொல்லி, பின்னால் நின்று அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். திரும்பிப் பார்த்து, உங்கள் கையில் எத்தனை விரல் நீட்டியிருக்கிறீர்கள் என்பதைச் சொல்ல வேண்டும். அப்போது சைக்கிள் கோணலாகப் போகக் கூடாது. ஒரு கையை நீட்டிச் சைகை காட்டியபடியும், இரண்டு பிரேக்குகளையும் சேர்த்துப் பிடித்தும் அதே போலப் பழக வேண்டும். இவை கைவந்த பிறகு சில நாட்கள் நீங்களும் இன்னொரு சைக்கிளில் அவனுக்குப் பின்னால், போக்குவரத்து இருக்கும் பக்கமாகச் சற்றுத் தள்ளி வாருங்கள். முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் சைக்கிளில் பொருத்தியிருக்க வேண்டும். திடலில் திரும்பிப் பார்க்கும்போது சைக்கிள் இன்னும் ஆடுகிறது என்றால், அவன் எவ்வளவு கெஞ்சினாலும் அந்த மாதம் பெரிய சாலைக்கு அனுப்ப வேண்டாம்.